உறுதி கைக்கு வரும்வரை

காணி பூமியை ஒருவர் மற்றொருவருக்கு எழுதிக்கொடுக்கும் சாதனத்தைத் தமிழகத்தார் ‘பத்திரம்’ என்பர். ஈழத்துத் தமிழராகிய நாமோ அதனை ‘உறுதி’ என்று வழங்குகிறோம். அறுதியாக விற்றால் அறுதி உறுதி; மகளுக்குக் கொடுத்தால் சீதன உறுதி; கடனுக்குப் பொறுப்பாக வைத்தால் ஈட்டு உறுதி. அழகிய சொல். ஐயத்துக்கு இடமில்லை என்னும் பொருளை அச்சொல்லே தாங்கி நிற்கின்றது. ஆயினும், எழுதிக் கையொப்பம் இட்ட மாத்திரத்தில் ஓர் உறுதி உறுதியாகிவிடுகின்றதா? இந்த ஞாயிறு இக்கேள்வியை நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றோம்.

மாரவிலை, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என நீளும் எமது கரையோரத்தில் வீடு கைமாறும் விதத்தை யாவரும் அறிவர். நல்ல நாள் பார்த்து முற்பணம் கொடுப்பார்கள். சில கிழமை கழித்து இரு வீட்டாரும் நொத்தாரிசின் கந்தோருக்குச் செல்வார்கள். கையொப்பம் இட்டு, மிகுதிப் பணத்தைக் கொடுத்து, திறப்பை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அடுத்த நல்ல நாளில் பால் காய்ச்சுவார்கள். அத்துடன் கருமம் முடிந்தது என்று நிம்மதி கொள்வார்கள். “உறுதி எங்கே?” என்று வினவினால், “நொத்தாரிசு ஐயாவிடம் இருக்கிறது, வரும்” என்பார்கள். எப்பொழுது வரும், இன்று அது எந்தக் கந்தோரில் எந்த இலக்கத்தின் கீழ் இருக்கின்றது என்று மேலும் கேட்டால் விடை கிடையாது.

அந்த விடையில்தான் ஒரு குடும்பத்தின் முப்பது ஆண்டுச் சேமிப்பும், விற்ற நகையின் காசும், வங்கிக் கடனும் தங்கியிருக்கின்றன. வீட்டு வியாபாரத்தில் கையொப்ப நாள் நடுவழியே. பதிவு நாள்தான் ஊர் போய்ச் சேரும் நாள். வழியில் ஒவ்வொரு படியிலும் ஒரு கடதாசியும் ஓர் இலக்கமும் பிறக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கிக் குறித்து வைப்பது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உரிய கடமை. நாம் சொல்ல வந்தது இதுவே. மற்றவை இதன் விளக்கம்.

சட்டம் நடந்து வந்த பாதை

கந்தோர், நொத்தாரிசு என்னும் சொற்கள் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. காணியையும் குடிகளையும் பதிந்த பழைய ஏட்டைக் குறிக்கும் ‘தோம்பு’ போர்த்துக்கேயர் வழி வந்தது. கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரையில் கட்டினர். 1795ஆம் ஆண்டு அது ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. ஆட்சி மாறினும் சட்டம் முற்றாக மாறவில்லை. 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின்படி ரோமன் ஒல்லாந்தச் சட்டத்தை ஆங்கிலேயர் நிலைத்திருக்க விட்டனர். அதன்மேல் தம்முடைய கட்டளைச் சட்டங்களை ஒவ்வொன்றாக அடுக்கினர்.

அவற்றுள் வீடு வாங்குவோர் அறியவேண்டியவை மூன்று. முதலாவது, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். நிலத்தையோ வீட்டையோ விற்பதும், ஈடு வைப்பதும், அவ்வாறு செய்வதாக உடன்படுவதும் எழுத்தில் இருத்தல் வேண்டும்; நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பம் இடப்பட வேண்டும்; அன்றேல் செல்லாது என்று அது விதிக்கின்றது. இரண்டாவது, 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம். நொத்தாரிசு என்னென்ன செய்யவேண்டும் என்பதை அது வரையறுக்கின்றது. மூன்றாவது, 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம். எமது கட்டுரையின் உயிர்நாடி இந்த மூன்றாவதிலே இருக்கின்றது.

தமிழகத்தில் வழக்கம் வேறு. அங்கே இரு திறத்தாரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கே சென்று, அலுவலர் முன்னிலையில் ஒப்புக்கொண்டு பத்திரத்தைப் பதிகின்றனர். வில்லங்கச் சான்றிதழ் என்னும் சொல்லை அங்குள்ள இல்லத்தரசிகளும் அறிவர். எமது நாட்டிலோ கையொப்பம் ஓரிடத்தில், பதிவு வேறோரிடத்தில். விற்றவரும் வாங்கியவரும் வீடு திரும்பிய பின்னரே உறுதி பதிவகத்துக்குப் பயணம் புறப்படுகின்றது. அந்தப் பயணத்தைக் கவனிப்பார் இன்மையே தொல்லைக்கு வித்து.

முற்பணத்துக்கு முன்னே

பணம் கைமாறும் முன்பு முதலில் கேட்கவேண்டிய கேள்வி: இது எவ்வகைக் காணி?

எமது மாவட்டத்தில் தனியார் காணியும் உண்டு. அரசு குடிகளுக்கு அளித்த காணியும் உண்டு. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணியையும் அளிப்புப் பத்திரக் காணியையும் நினைத்தபடி விற்க இயலாது. பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான இசைவின்றி அதனைக் கைமாற்றி உறுதி எழுதினால் அவ்வுறுதி வெறுங் கடதாசியே. விலை மலிவாக இருக்கின்றதே என்று மகிழ்பவர் இதனை முதலில் விசாரித்தல் வேண்டும்.

இன்னொரு வகையும் இப்போது உண்டு. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின்படி, 2007ஆம் ஆண்டு முதல் ‘பிம் சவிய’ என்னும் பெயரில் சில பகுதிகளின் காணிகள் அளந்து ஆராயப்பட்டு, உரித்துச் சான்றிதழ் வழங்கப்பட்டு வருகின்றன. 1858ஆம் ஆண்டு தென் அவுஸ்திரேலியாவில் றொபேட் ரொறன்ஸ் என்பவர் தொடக்கிவைத்த முறையைப் பின்பற்றியது இது. இம்முறையில் அரசின் பதிவேடே உரிமைக்குச் சான்று. பழைய முறையிலோ பதிவகம் உறுதிகளைப் பதிந்து வைக்கின்றதேயன்றி, விற்பவர் உண்மையான உரிமையாளர் என்று உத்தரவாதம் அளிப்பதில்லை. குறையுள்ள உறுதி பதியப்பட்டாலும் குறையுள்ள உறுதியே. ஆகையால் வாங்கும் காணி எந்தப் பதிவேட்டில் இருக்கின்றது என்று கேட்டுக் குறித்துக்கொள்க.

அடுத்தது தேடுதல். உறுதி எழுதுமுன் பதிவேடுகளைத் தேடிப் பார்ப்பது நொத்தாரிசின் கடமை என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கின்றது. செலவைச் சுருக்கும் பொருட்டு, “தேடவேண்டாம், எழுதுங்கள்” என்று கட்சிக்காரரே எழுதிக்கொடுப்பதும் உண்டு. அச்சிக்கனம் கேடு தரும். கடன் கொடுக்கும் வங்கிகள் வழக்கமாக முப்பது ஆண்டு வரலாற்றைக் கேட்கின்றன. கைப்பணத்தில் வாங்குபவர் அதனினும் குறைவாகக் கேட்பதற்குக் காரணம் இல்லை. புத்தளம், சிலாபம், மாரவிலை ஆகிய இடங்களில் காணிப் பதிவகங்கள் உள்ளன. காணி எந்தப் பதிவகத்தின் எல்லைக்குள் வருகின்றதோ அங்கே உரிய கட்டணம் செலுத்தி எவரும் பதிவேட்டைப் பார்வையிடலாம். அத்தாட்சிப்படுத்திய பிரதியும் பெறலாம்.

அப்பக்கத்தில் என்ன காணப்படும்? மீட்கப்படாத ஈடு இருந்தால் அது தெரியும். கடன்காரர் பெற்ற தீர்ப்பின்மேல் காணி கைப்பற்றப்பட்டிருந்தால் தெரியும். நிலுவையில் வழக்கு இருந்தாலும் தெரியும். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின்படி, பாகப்பிரிவினை வழக்கொன்று பதிவேட்டில் ஏறிய பின் அக்காணியின் பிரிபடாத பங்கை வழக்கு முடியுமுன் விற்பது செல்லாது. தென்னந்தோட்டங்கள் தலைமுறை தலைமுறையாகப் பங்குபட்டுக் கிடக்கும் எமது பகுதியில் இது சிறிய விஷயம் அன்று.

பங்குக் கணக்கையும் மாணவர்கள் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாசனம் எழுதாமல் இறந்தவரின் ஆதனத்தில் பாதி வாழ்க்கைத் துணைக்கும் மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். தாயும் நான்கு பிள்ளைகளும் இருந்தால் தாய்க்கு 1/2. பிள்ளை ஒவ்வொருவருக்கும் 1/8. முஸ்லிம் குடும்பமாயின் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவர்தம் சமய முறைப்படியான பங்கு. அங்கே மகனுக்கு மகளைப்போல் இருமடங்கு வரும். வீட்டில் குடியிருக்கும் மூத்த மகன் ஒருவர் மட்டும் கையொப்பம் இட்டால், முதற் குடும்பத்தில் வாங்கியவருக்குக் கிடைப்பது வீடு அன்று. வீட்டின் எட்டில் ஒரு பங்கு.

அந்த நால்வரில் ஒருவர் இத்தாலியிலும் ஒருவர் வளைகுடா நாட்டிலும் இருப்பது எமது கரையோரத்தில் வியப்பன்று. வென்னப்புவைச் சுற்றாடலிலிருந்து இத்தாலி சென்றோர் தொகை யாவரும் அறிந்ததே. அவர்கள் சார்பில் இங்கே ஒருவர் கையொப்பம் இடுவதாயின் அற்றோணித் தத்துவம் வேண்டும். அது பதியப்பட்டதா, விற்கும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதப்பட்டுள்ளதா, கொடுத்தவர் இன்று உயிருடன் இருக்கின்றாரா என்னும் மூன்றையும் கேட்கவேண்டும். கொடுத்தவர் மறைந்தால் அத்தத்துவமும் மறைந்துவிடும். வெளிநாட்டுப் பிரசாவுரிமை பெற்று இலங்கைப் பிரசாவுரிமையை விட்டவர் பெயரில் வாங்க எண்ணுவோர், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அந்நியருக்குக் காணி கைமாறுவதைத் தடுத்திருப்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பதிவேட்டில் காணப்படாத ஒன்றும் உண்டு. அது காணியில் இருக்கும் ஆள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்து ஆண்டுகள் இடையறாது, உரிமையாளருக்கு எதிராக அனுபவித்தவர் உரிமை கோர இடமுண்டு. ஆகவே காணிக்கு நேரிற் சென்று, நில அளவைப் படத்தை வைத்து எல்லைகளைப் பார்த்து, வேலிக்கு உட்பட்டது எவ்வளவு, அயலார் அனுபவிப்பது எவ்வளவு என்று அறிதல் வேண்டும். பழைய உறுதியில் 1 றூட் என்று இருந்தால் 40 பேர்ச்சஸ் நிலத்தில் நிற்கவேண்டும் அன்றோ?

கடலோர வீடாயின் மேலும் ஒரு கேள்வி. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பேணற் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும். விற்பவர் அனுமதி பெற்றுக் கட்டினாரா, பிரதேச சபையோ நகர சபையோ ஏற்ற வரைபடம் எங்கே என்று முற்பணத்துக்கு முன்னே கேட்பது சாலச் சிறந்தது.

முற்பணமும் கைச்சீட்டும்

“ஒரு சீட்டில் எழுதி முத்திரை ஒட்டிக் கையொப்பம் வாங்கிவிட்டோம்” என்று பலர் மனம் அமைகின்றனர். முன்னே சொன்ன 1840ஆம் ஆண்டுச் சட்டத்தை இங்கே நினைவுகூர்க. விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன் எழுதப்படவேண்டும். கைச்சீட்டு பணம் கொடுத்தமைக்குச் சான்றாகலாம். வீட்டைத் தரும்படி கட்டாயப்படுத்த அது உதவாது. விலை ஏறினால் விற்பவர் மனம் மாறலாம். அப்போது முற்பணத்தைத் திரும்பப் பெறவே அலையவேண்டிவரும்.

ஆதலால் உடன்படிக்கையை நொத்தாரிசைக்கொண்டே எழுதுவித்தல் வேண்டும். விலை, முற்பணம், மிகுதி கொடுக்கும் கடைசி நாள், ஈட்டை மீட்பவர் யார், முத்திரைத் தீர்வையைக் கொடுப்பவர் யார், ஒருவர் தவறினால் என்ன செய்வது ஆகிய யாவும் அதில் இடம்பெறுக. அவ்வுடன்படிக்கையைப் பதியவும் செய்யலாம். பதிந்தால், பின்னர் அதே வீட்டை விலை பேச வருபவர் பதிவேட்டில் அதனைக் காண்பார். பணத்தை வங்கி மூலம் கொடுத்தால் அதற்கென ஒரு சாட்சியைத் தேடவேண்டியதில்லை.

கையொப்ப நாளில்

உறுதியை வாசித்து விளக்கிய பின்னரே கையொப்பம் பெறுதல் நொத்தாரிசின் கடமை. இதில் எமது பகுதிக்கு ஒரு சிறப்பான இடர் உண்டு. பாட்டனாரின் உறுதி தமிழில் இருக்கும். தந்தையாரின் உறுதி ஆங்கிலத்தில் இருக்கும். இன்றைய உறுதி சிங்களத்தில் எழுதப்படும். ஒரே மனிதரின் பெயர் மூன்று எழுத்தில் மூன்று விதமாக நிற்கும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் உறுதியில் உள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்கவேண்டும். வேறுபாடு இருப்பின் இருவரும் ஒருவரே என்று கூறும் சத்தியக்கடதாசி அன்றே முடிக்கப்பட வேண்டும். மொழி விளங்காவிடின், “ஐயா, தமிழில் ஒருமுறை சொல்லுங்கள்” என்று கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. வீட்டில் சிங்களம் கற்கும் பிள்ளை இருந்தால் அழைத்துச் செல்லுக. இரண்டு மணி நேர வகுப்பைவிட அது பயனுள்ள பாடம்.

முத்திரைத் தீர்வையையும் கணக்கிட்டு வைத்திருத்தல் நன்று. வழக்கமான விகிதம் முதல் ஓர் இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிகுதிக்கு நூற்றுக்கு 4. ரூபா 50 இலட்சம் பெறுமதியான வீட்டுக்கு ரூபா 3,000உம் ரூபா 196,000உம் சேர்ந்து ரூபா 199,000 ஆகும். இது மாகாண சபைக்குச் சேரும் வருமானம். இதனைக் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியைக் கேட்டு வாங்குக. தீர்வையைக் குறைக்க எண்ணி உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவோர், நாளை வழக்கு வந்தால் தாம் கொடுத்த முழுப் பணத்தையும் நிரூபிக்கத் திண்டாடுவார்கள்.

கந்தோரை விட்டு வெளியே வருமுன், உறுதியின் இலக்கம், தேதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்க. இம்மூன்றும் தெரிந்தால் உறுதியை எங்கிருந்தும் தேடிப் பிடிக்கலாம்.

நடுவழி

இனி, எல்லோரும் மறந்துவிடும் நாட்களுக்கு வருவோம். கையொப்பமிட்ட உறுதி விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே அன்றே செல்லும். மூன்றாம் ஆள் ஒருவர் வந்தால் நிலைமை வேறு. பதியப்படாத உறுதி, அதற்குப் பின்னர் பெறுமதி கொடுத்து வாங்கி முறையாகப் பதிந்தவரின் உறுதிக்கு எதிரே வலுவிழக்கும் என்பது 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு.

ஓர் உதாரணம் கொள்வோம். சிலாபத்தில் ஒரு குடும்பம் ஜனவரி 2ஆந் தேதி வீடொன்றுக்கு உறுதி முடிக்கின்றது. உறுதி நொத்தாரிசின் மேசை அறையில் கிடக்கின்றது. கடன் நெருக்கடியில் இருக்கும் விற்பனையாளர் ஜனவரி 20இல் வேறோர் ஊர்க்காரருக்கு அதே வீட்டை வேறொரு நொத்தாரிசு மூலம் எழுதிக்கொடுக்கின்றார். அவர் மறுநாளே பதிந்துவிடுகின்றார். முதற் குடும்பத்தின் உறுதி பெப்ரவரி 12இல் பதிவகத்துக்குச் செல்கின்றது. வீடு யாருக்கு? மோசடியோ கூட்டுச்சதியோ நடந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தாலன்றி, வீடு இரண்டாமவருக்கு. முதலில் வாங்கி, முதலில் பணம் கொடுத்து, பாலும் காய்ச்சிய குடும்பம், விற்றவர்மேல் பணத்துக்கு வழக்குத் தொடுத்துக்கொண்டு வாடகை வீட்டுக்குத் திரும்பவேண்டியதே.

அவ்வளவு நாள் தாமதம் எவ்வாறு நேர்கின்றது? ஒரு மாதத்தில் முடித்த உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆந் தேதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப நொத்தாரிசுக்குத் தவணை உண்டு. ஜனவரி 2இலிருந்து பெப்ரவரி 15 வரை எண்ணிப் பார்த்தால் 44 நாள். அத்தவணை இரண்டாம் பிரதிக்கு உரியது. மூல உறுதியைப் பதிவுக்கு ஒப்படைக்க அதுவரை காத்திருக்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அடுத்த வேலை நாளிலேயே ஒப்படைக்கலாம். ஒப்படைத்ததும் அது நாட்பதிவேட்டில் ஓர் இலக்கம் பெறுகின்றது. அந்த இலக்கமே வாங்கியவருக்குக் காவல்.

இலக்கம் கிடைத்த பின்னும் ஒரு கண் வேண்டும். ஒவ்வொரு காணிக்கும் பதிவேட்டில் ஒரு தொகுதி, ஒரு பக்கம் உண்டு. முந்திய உறுதி பதியப்பட்ட பக்கத்தின் தொடர்ச்சியாகவே புதிய உறுதியும் பதியப்படுதல் வேண்டும். காணியின் பெயரோ எல்லையோ மாறி எழுதப்பட்டதனால் வேறொரு பக்கத்தில் பதிவு விழுந்தால், அது முறையான பதிவு அன்று என்று எமது நீதிமன்றங்கள் தீர்த்திருக்கின்றன. உறுதி கைக்கு வந்ததும், பழைய உறுதியில் உள்ள தொகுதி, பக்க இலக்கங்களைப் புதியதில் உள்ளவற்றுடன் ஒப்பிடுக. பக்கம் நிறைந்து புதிய பக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தால் இரண்டுக்கும் இடையே தொடர்புக் குறிப்பு இருக்கும்.

உறுதி மூன்று இடத்தில் வாழ்கின்றது என்பதையும் பிள்ளைகள் அறிக. மூலம் வாங்கியவரிடம், இரண்டாம் பிரதி பதிவகத்தில், மற்றொரு பிரதி நொத்தாரிசிடம். இந்த ஏற்பாட்டின் அருமையைப் புத்தளம் நன்கு அறியும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். உடுத்த உடையுடன் வந்தவர்களிடம் உறுதிப் பெட்டி எங்கே இருக்கும்? தாம் விட்டுவந்த காணியை நாட்பட்ட அனுபவத்தைக் காட்டிப் பிறர் தமதாக்கிக்கொள்ளும் இடர் அவர்களுக்கு இருந்தது. இடம்பெயர்ந்தோர் அக்காரணத்தால் உரிமை இழவாதிருக்கவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலாவதி விசேட ஏற்பாடுகள் சட்டம் பிறந்தது. வீட்டில் உள்ள கடதாசி அழிந்தாலும், உறுதியின் இலக்கமும் தேதியும் நினைவில் இருந்தால் பிரதி தேடுவதற்கு ஒரு வழி திறந்திருக்கும். அவை தெரியாதவருக்கு அவ்வழியும் இருளே.

கேட்பது குற்றமா?

இவ்வளவையும் அறிந்த பின்னும் ஒரு தடை நிற்கின்றது. அது சட்டத்தில் இல்லை. எமது மனத்தில் இருக்கின்றது. விற்பவர் அயலவர், அப்பா காலத்துப் பழக்கம். நொத்தாரிசு படித்தவர், ஊரில் மதிப்புள்ளவர். அவர்களிடம் போய்த் திரும்பத் திரும்பக் கேட்டால் நம்பவில்லை என்று எண்ணமாட்டார்களா என்னும் கூச்சம். இக்கூச்சமே பல குடும்பங்களின் வாயை அடைக்கின்றது.

பதிவேடுகளைச் சட்டம் எவரும் பார்க்கும்படி திறந்து வைத்ததே கேட்பதற்காகத்தான். கடமையைச் செவ்வனே செய்யும் நொத்தாரிசுக்கு இக்கேள்விகள் சுமையாக இரா. “ஐயா, எமது உறுதி எந்தத் தேதியில் பதிவகத்துக்குப் போனது? அந்த இலக்கத்தை இந்தக் கொப்பியில் குறித்துத் தருவீர்களா?” என்று பணிவுடன் கேட்டால், அதில் குறை காண்பவர் யார்? “ஆகிறது, பார்க்கலாம்” என்னும் விடை ஒரு கிழமைக்குப் போதும். அடுத்த கிழமையும் அதே விடை வந்தால், பதிவகத்துக்கு நேரிற் செல்லும் காலம் வந்துவிட்டது என்று கொள்க.

இதற்கு ஓர் அப்பியாசக் கொப்பி போதும். தேதி, யாரைக் கண்டோம், என்ன கேட்டோம், என்ன விடை, எந்தக் கடதாசி, எந்த இலக்கம் என்று ஆறு பத்தி கோடிட்டுக்கொள்க. உயர்தர வகுப்பில் பயிலும் மகளோ மகனோ அதனை எழுதட்டும். தேடுதல் முடிந்த நாள் முதல், உடன்படிக்கை, தீர்வை, கையொப்பம், ஒப்படைப்பு, பதிவு, பதிந்த உறுதி கைக்கு வந்த நாள் வரை அதில் ஏறவேண்டும். அதன் பின்னர் பிரதேச சபையில் சோலைவரிப் பெயர் மாற்றம், மின்னிணைப்பு, நீரிணைப்பு ஆகியவற்றின் பெயர் மாற்றம் என்பவற்றையும் எழுதிக் கொப்பியை மூடலாம்.

விற்பவருக்கும் இக்கொப்பி வேண்டும். பணம் முழுவதும் வங்கிக்கு வந்துசேர்ந்ததா, ஈட்டுக் கடன் தீர்ந்து மீட்பு உறுதியும் பதியப்பட்டதா, வரிச்சீட்டு இன்னும் தம் பெயரிலேயே வருகின்றதா என்று அவரும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். மகளின் திருமணத்துக்கென வீட்டை விற்ற ஒருவர், மூன்று ஆண்டு கழித்து அவ்வீட்டின் வரிப் பாக்கிக்கு அறிவித்தல் பெற்றால், அவர் மனம் என்ன பாடுபடும்!

மாணவ நேயர்களுக்கு இந்த ஞாயிறு ஒரு வேலை தருகின்றோம். பெற்றோரிடம் அனுமதி கேட்டு, வீட்டு உறுதியை வெளியே எடுத்துப் பாருங்கள். உறுதி இலக்கம், தேதி, நொத்தாரிசின் பெயர், பதிவகத்தின் பெயர், தொகுதி, பக்கம், நில அளவைப் படத்தின் இலக்கம் ஆகிய ஏழையும் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி, உறுதியை வைக்கும் பெட்டியில் அன்றி வேறோரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஏழில் ஒன்று காணப்படாவிடின், அல்லது உறுதியே இன்னும் கந்தோரிலிருந்து வரவில்லை என்று தெரிந்தால், நாளை திங்கட்கிழமை, கந்தோர்கள் திறந்திருக்கும்.